நன்றியை யாரிடம் சொல்வது?

தலைமை இருக்கைக்குத் தம் நரைமுடியாலேயே மகுடம் சூட்டியிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே! எனக்கு முன்னே பேசி, எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்துவிட்ட சான்றோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் கவலையையும் ஒருசேர ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரம் நின்றே கேட்பது என்று முடிவெடுத்துவிட்ட தோழர்களே! மாடி ஜன்னல்களில் முகம் பதித்திருக்கும் உள்நோயாளிகளே! அந்தக் கடைசி ஜன்னலில் நிற்பவர் படுத்திருக்க வேண்டியவர். எனக்குத் தெரியும், நான்தான் அவருடைய மருத்துவர். ஐயா, ஒலிபெருக்கி கட்டிலுக்கும் கேட்கும், போய்ப் படுங்கள். உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'எல்லோருக்கும் மருத்துவம்' என்ற சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு நிறைகிறது. புள்ளிவிவரங்களை எல்லாம் அமைச்சர் சொல்லிவிட்டார். நான் இதய மருத்துவன். எண்ணத் தெரிந்தது நாடித்துடிப்பு ஒன்றுதான். ஆகவே ஒரு பெண்மணிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க சார், பேர் மட்டும் வேணாம்" என்றார். சொல்ல மாட்டேன்.

முதல் நாள் காலை. நாங்கள் எப்படி நின்றோம் தெரியுமா? பயந்துபோய் நின்றோம்! கட்டணம் இல்லை என்றால் கூட்டம் கதவை உடைக்கும் என்று நினைத்தோம். கயிறு கட்டினோம், காவலர்களை அழைத்தோம், குடிநீர்த் தொட்டிகளை நிரப்பினோம், கதவைத் திறந்தோம். யார் வந்தார்கள்? ஒருவரும் வரவில்லை! கட்டிய கயிறு காற்றில் ஆடியது; காத்திருந்த காவலர்கள் கொட்டாவி விட்டார்கள். நோய் இல்லையா இந்த நகரத்தில்? நோய் இருந்தது ஐயா, நம்பிக்கை இல்லை! வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டு வாடிப்போன மக்கள், இதுவும் இன்னொன்று என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்து ஒரு மனிதர் வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். கொத்தனார். வாசலைத் தாண்டியதும் பணம் கட்டும் கவுண்ட்டர் இருந்த இடம்; அதன் கண்ணாடியை முந்தைய நாளே கழற்றியிருந்தோம். கண்ணாடி இருந்த இடத்தில் அவர் மெல்லக் கையை நீட்டினார். கை உள்ளே போயிற்று. வெளியே எடுத்தார். மறுபடியும் நீட்டிப் பார்த்தார். இங்கே இருந்த ஆள் எங்கே என்று என்னைக் கேட்டார். வழிகாட்டும் மேசைக்கு மாற்றிவிட்டோம் என்றேன்.

"உள்ள விட்டுட்டு, வெளிய போறப்போ கேப்பீங்களா?"

"கேக்க மாட்டோம்."

கலவையில் மணல் கூடுதலோ என்று பார்ப்பார்களே, அப்படி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வந்த வழியே வெளியே போய்விட்டார். சிரிக்காதீர்கள், உங்களில் பலர் அன்று அந்த அளவுக்குக்கூட வரவில்லை!

பிற்பகலில் அவர் திரும்பி வந்தார், மனைவியை அழைத்துக்கொண்டு. அந்த அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவர். என்ன செய்கிறது என்று கேட்டேன். கணவர்தான் பதில் சொன்னார்: முதுகுவலியாம், படுக்கவே முடியாதாம், பல வருடமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் உறங்குகிறாளாம். அந்த அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். முதுகில் ஒன்றுமில்லை அவையோரே, இதயத்தில் இருந்தது! சிறுவயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அகலத் திறக்க வேண்டிய கதவு, ஒருக்களித்த மட்டில் இறுகிக் கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே உட்கார்ந்தே உறங்கினார். இதற்கு முன் யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன்.

அப்போதுதான் உண்மை வெளிவந்தது. முன்பொரு முறை அந்த அம்மா தனியாக எங்கள் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். அதே கவுண்ட்டர் முன்னால் நின்றிருக்கிறார். முன்பணம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். கேட்டதும் திரும்பிப் போய்விட்டார். வீட்டில் போய், டாக்டர் பார்த்துவிட்டார், வெறும் முதுகுவலிதான் என்று சொல்லியிருக்கிறார்.

கொத்தனார் மனைவியைப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வீட்ட வித்துடுவீங்க. அப்புறம் நான் பொழச்சு வந்து எங்க உக்காருறது?"

அது அவர் தம் கையாலேயே கட்டிய வீடு. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தது போக, ஓய்ந்த நாட்களில் ஒவ்வொரு கல்லாகச் சேர்த்துத் தமக்கென்று எழுப்பியது. அந்தச் சுவருக்காகத் தன் மூச்சை விலை பேசியிருக்கிறார் அந்தப் பெண்மணி! எத்தனையோ இதயங்களைக் கேட்ட காது இது. அன்று அந்த இதயத்தின் முன்னால் என் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த நகரத்து நோயெல்லாம் எங்கள் வார்டுகளில் இருப்பதாக நாங்கள் எண்ணியிருந்தோம். எங்கள் அறியாமையை என்னவென்பது! நோய் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது! நோய் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தது! நோய் அடுப்பங்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமியது! முதுகுவலி என்றும் அசதி என்றும் வயசாகிவிட்டது என்றும் பெயரை மாற்றிக்கொண்டு, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் குடியிருந்தது!

பின்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்குகிறார். என்ன ஐயா? ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத நான் எதற்கு மருத்துவத்துக்கென்று இந்த வரி கட்ட வேண்டும் என்கிறாரா? நியாயமான கேள்வி. இயன்றவர் இயன்றதைக் கொடுப்பது, நோயுற்றவர் வேண்டியதைப் பெறுவது: சட்டம் முழுவதும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் வழக்கறிஞர்கள் எழுதியது. ஆனாலும் உங்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை ஐயா. பதிலை அந்த அம்மாவே சொல்வார், கொஞ்சம் பொறுங்கள்.

அறுவை சிகிச்சை நடந்தது. பழுதான வால்வை மாற்றினோம். தேறியதும் பொது வார்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் கொத்தனார் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே அலறிவிட்டார். செவிலியர் ஓடினார், நானும் ஓடினேன். என்ன ஆயிற்று?

அந்த அம்மா மல்லாந்து படுத்திருந்தார். அவ்வளவுதான்! நன்றாகக் கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி படுத்துப் பார்த்தே பல வருடங்கள் ஆகியிருந்த அந்த மனிதர், படுத்திருந்தவரைப் பார்த்ததும் உயிர் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார்! தூங்குகிறார் என்று செவிலியர் சொன்னதும் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மனைவியின் மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்தும் அவரை வெளியே அனுப்ப எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு மனுஷி படுத்துறங்குவது இத்தனை பெரிய காட்சியா? ஆம் தாய்மார்களே, அன்று அந்த வார்டில் அதைவிடப் பெரிய காட்சி வேறில்லை!

வீட்டுக்குப் புறப்படும் நாளில் அந்த அம்மா செவிலியரிடம் ஒன்று கேட்டார். தனக்காகப் பணம் கட்டியது யார், அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றார். செவிலியர் எப்படி எப்படியோ விளக்கிப் பார்த்தார். நிதி என்றார், வரி என்றார். அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் செவிலியர் ஜன்னலைத் திறந்தார். கீழே தெரு. காய்கறி வண்டி தள்ளுபவர், கடைக்காரர், அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள், குடைக்குள் நடக்கும் பெண்கள்.

"இவங்க எல்லாரும்தான்மா."

அந்த அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணவர் பையைத் தூக்கிக்கொள்ள, இறங்கிப் போனார். போய் என்ன செய்தார் தெரியுமா? தெருவோரம் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்துக் கைகூப்பினார்! சிலர் விலகிப் போனார்கள். சிலர் தெரிந்தவரோ என்று விழித்தார்கள். ஒரு பேருந்து, கையைப் பார்த்துவிட்டு நின்றேவிட்டது. நடத்துநர் எட்டிப் பார்த்து, ஏறும்மா, எங்கே போகணும் என்றார்.

"எங்கயும் போகல தம்பி. எனக்கு ஆபரேஷன் பண்ணி நல்லாயிட்டேன். நீங்களும் கட்டியிருக்கீங்களாம். அதான் நின்னேன்."

நடத்துநர் விசிலை வாயில் வைத்தவர், ஊதவில்லை. எடுத்துவிட்டார். உள்ளே திரும்பி, நெருக்கியடித்து நின்றவர்களிடம் சொன்னார்:

"நம்ம எல்லார் காசுலயும் இந்தம்மா பொழச்சு வந்திருக்காங்களாம்."

வாசலில் நின்று இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பேருந்தில் யாருக்கும் யாரும் உறவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். முணுமுணுப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாமா, நாமா செய்தோம் என்று கேட்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜன்னலோரம் ஒருவர் கை குவித்தார். அடுத்த ஜன்னலில் இன்னொருவர். கம்பியைப் பிடித்திருந்தவர்கள்கூடப் பிடியை விட்டுக் கும்பிட்டார்கள்! பேருந்து புறப்பட்டபோது நின்றிருந்தவர்கள் எல்லோரும் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

கேட்டீர்களா பெரியவரே? ஏன் கட்ட வேண்டும் என்றீர்களே, உங்களையும் ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள்தான் அந்தப் பக்கம் இல்லை! மலை முகடுகளுக்கும் கடல் நடுவே தீவுகளுக்கும் இந்த மருத்துவம் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கேயும் சுவரில் சாய்ந்து உறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கால் நீட்டிப் படுக்கும் வரைக்கும், உங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்டதற்காக மட்டுமல்ல. முகம் தெரியாத அந்த அம்மாவின் மூச்சுக்குப் பங்கு கொடுத்ததற்காகவும், மேடையை விட்டு இறங்குமுன் உங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கைகூப்புகிறேன். வணக்கம்.