அவருடைய குரல்

எனக்கு நல்ல குரல் என்று சிறு வயதிலிருந்தே சொல்வார்கள். பதினெட்டு வருடம் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தேன். எனக்கு நாற்பத்து நான்கு வயதானபோது அந்த மேசையில் ஒரு தொடுதிரையை வைத்துவிட்டு, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை மாறுகிறவர்களுக்கு வழி சொல்லும் ஆலோசகர் ஒருத்தியிடம் போனேன். என் மகளாக இருந்திருக்கலாம், அந்த வயது. "ஒரே வரியில சொல்லுங்க மேடம், நீங்க யாரு?" என்றாள். வரவேற்பாளர் என்றேன். கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது பேச்சுவாக்கில், பக்கவாதம் வந்து என் கணவருக்குப் பேச்சு போய் ஐந்து மாதமாகிறது என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதைப் போய் கடைசியில சொல்றீங்களே மேடம்!"

அப்படித்தான் நான் 'அவருடைய குரல்' ஆனேன். இணையத்தில் என் பக்கத்துக்கே அதுதான் பெயர். அதிலிருந்த பழைய படங்களையெல்லாம் நீக்கிவிட்டோம். சக்கர நாற்காலியில் அவர், பின்னால் வெளிர்நீல உடையில் நான். பேசாத மனிதரின் மனதைப் படிப்பது எப்படி என்று சொல்ல அலுவலகங்கள் கூப்பிட்டன. கேட்டவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். ஒருநாள் நான் கூடத்தில் கேமரா முன் நின்று, "ஒரு வார்த்தைகூட இல்லாத வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவர் "சாவி" என்றார். தெளிவாக. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தேன்.

அடுத்த வாரம் "குடை" வந்தது. அதற்கடுத்து, என்னைப் பார்த்து, "வாயாடி" என்றார். கல்யாணமான புதிதில் எனக்கு அவர் வைத்த செல்லப் பெயர்.

மறுமாதம் எனக்கு ஒரு பெரிய மேடை இருந்தது. பயிற்சிப் பெண்ணை ஒரு மாதம் வர வேண்டாம் என்றேன்.

"இப்ப விட்டுட்டா அப்புறம் பிடிக்கிறது கஷ்டம்க்கா."

களைத்துப் போகிறார் என்றேன். அட்டைகளை அவர் இடது கையால் தானே புரட்ட ஆரம்பித்ததால், அலமாரி மேல் வைத்தேன். அந்த ஒரு மாதம் ஏழு மாதமானது. அவர் கை அடிக்கடி அலமாரியைக் காட்டும். ஒவ்வொரு முறையும் அதிலிருந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். முதலில் கை ஓய்ந்தது. பிறகு "வாயாடி"யும் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை போர்வை தேடிய என் நாத்தனார் கையில் அட்டைகள் கிடைத்தன. "இது ஏன் அண்ணி மேல இருக்கு?" என்றாள். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

அவள் கத்தியிருந்தால் தேவலை. என்னை அவர் எதிரில் உட்காரவைத்து, "என்கிட்ட எதுக்கு? அண்ணன்கிட்ட சொல்லுங்க," என்றாள். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவர் முழங்காலைத் தாண்டி என்னால் பார்வையை உயர்த்த முடியவில்லை.

அவர் நெடுநேரம் முயன்றார். உதடு கோணியது. மூச்சு மட்டும் வந்தது.

"என்னண்ணா? என்ன சொல்ல வர்றே?" என்று நாத்தனார் அழுதாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்றார்," என்றேன்.