நான்காவது பாதம்

பசை பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் பசையைத்தான் திட்டுவார்கள், ஐயா. ஒட்டுவதற்கு முன் துடைத்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நாங்கள் ஏணிகளுக்குப் பாதம் செய்கிறோம். மேலே கெட்டியான கிண்ணம், அடியில் தரையைக் கவ்வ மெத்தென்ற தட்டு. இரண்டும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி வார்த்தவை. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரச் சிலிக்கோன் எண்ணெய் தடவுவோம். அது பாதத்திலும் படிந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்த பிறகே இரண்டையும் ஒட்டப் பசை போட வேண்டும். எந்தப் பசை என்று முடிவு செய்வது பதினெட்டு வருடமாக என் வேலை.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பசை. பாதம் வளைந்தால் அதுவும் வளையும். ஆனால் இறுக ஒரு நாள் ஆகும். என் தங்கை வீட்டுக்காரர் மேலாளராக வந்ததும் அந்த ஒரு நாள் அவர் கண்ணை உறுத்தியது. அரை நிமிடத்தில் பிடிக்கும் சூப்பர் க்ளூவை வாங்கிவந்தார்.

"காய்ஞ்சா மொடமொடன்னு ஆயிடும் மாப்பிள்ளை. வளைஞ்சா விட்டுடும்," என்றேன்.

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் மச்சான்," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தாளை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படட்டும் என்று காத்திருந்தேன். ஒரு வருடம் போயிற்று. ஒரு பாதம்கூடக் கழலவில்லை. மாதாமாதம் புகார்ப் புத்தகத்தைப் புரட்டுவேன், வெறும் தாள். வெறுத்துப் போனேன். சரியாகச் சொல்கிறவனுக்கு எங்கும் மதிப்பில்லை.

போன மாதம் தங்கை வீட்டுக்கு ஓர் ஏணி கேட்டாள். நானே பாதம் ஒட்டினேன், மாப்பிள்ளை வாங்கிய அதே சூப்பர் க்ளூவால். மூன்று பாதங்களை முறையாகத் தேய்த்துத் துடைத்தேன். நான்காவதைத் துடைக்கவில்லை. இருந்த எண்ணெய் போதாதென்று இன்னும் கொஞ்சம் தடவினேன். மாப்பிள்ளை ஏறுவார், சறுக்குவார், முட்டி சிராய்க்கும், புத்தி வரும். அவ்வளவுதான் என் எண்ணம். அந்த வீட்டில் அவர் ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

தங்கைதான் ஏறினாள். இனி இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்கிறார்கள்.

நேற்று அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை அழுதார். "அண்ணன் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டாரே," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடத்தில் நேற்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கழன்ற பாதத்தில் எண்ணெயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, நான்தான் தடவினேன். மற்ற மூன்று பாதங்களும் உறுதியாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவற்றைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், ஐயா. இன்னும் கொஞ்சம் பலமாக வளையுங்கள், விட்டுவிடும்.