பிரேக் எது இதுல?

மாஸ்டர்: அதெல்லாம் இருக்கட்டும்மா. இதுல பிரேக் எது?

கடைக்காரி: சார், இது கிடார் பெடல். காலால மிதிச்சா கிடார் சத்தம் மாறும். கார் இல்ல.

மாஸ்டர்: தெரியும்மா. கிடார்தான் என் தோள்ல தொங்குதே. இருந்தாலும் பெடல்னு ஒண்ணு இருந்தா, பிரேக்னு ஒண்ணு இருக்கணுமில்ல?

கடைக்காரி: இருக்காது.

மாஸ்டர்: கிளட்ச்?

கடைக்காரி: சார்... நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

மாஸ்டர்: டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷம். ஏம்மா?

கடைக்காரி: ...இல்ல, கேட்டேன். மீசை எப்ப எடுத்தீங்க?

மாஸ்டர்: மீசையா? மீசை இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரி: அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கு சார்.

மாஸ்டர்: போன வாரம்தான் எடுத்தேன். மீசையோட கிடார் வாசிச்சா மிரட்டுற மாதிரி இருக்குன்னு என் மக சொன்னா. தொப்பியும் அவ வாங்கிக் கொடுத்ததுதான். எப்படி?

கடைக்காரி: மழைக்கு நல்லது.

மாஸ்டர்: கிண்டல் பண்ணாதீங்கம்மா. நான் ரொம்ப கஷ்டத்துல வந்திருக்கேன்.

கடைக்காரி: சரி, சொல்லுங்க. எத்தனை நாளா வாசிக்கிறீங்க?

மாஸ்டர்: மூணு மாசம். ஒரே ஒரு பாட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் விரல் போயிடும். ஆனா இதுவரைக்கும் ஒரு தடவைகூட முழுசா வாசிச்சதில்ல.

கடைக்காரி: ஏன்?

மாஸ்டர்: கால்மா, கால்! டிரைவிங் ஸ்கூல் வண்டியில என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கும். பழகுறவங்க தப்பு பண்ணா நான் மிதிக்கணும். இருபத்திரண்டு வருஷமா தப்புன்னா மிதி, தப்புன்னா மிதி. இப்ப கிடார்ல ஒரு கம்பி தப்பாப் பட்டாலும் வலது கால் தானாப் போய்த் தரையை மிதிக்குது. கால் மிதிச்சா கை நின்னுடுது.

கடைக்காரி: ஹ... ஹஹ... மன்னிச்சுக்குங்க சார்...

மாஸ்டர்: சிரிங்க, சிரிங்க. கீழ் வீட்டுக்காரர் ரெண்டு தடவை மேல வந்து, உங்க வீட்ல தேங்கா உடைக்கிறீங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டார்.

கடைக்காரி: அவசரம் என்ன சார்? மெதுவாப் பழகுங்க.

மாஸ்டர்: சனிக்கிழமைம்மா! என் மக டிரம்ஸ் வாசிப்பா. நாலு பேர் குரூப். அடுத்த வாரம் வேலைக்கு வெளியூர் போறா. போறதுக்கு முன்னாடி கடைசி நிகழ்ச்சி. "ஒரு பாட்டுக்கு நீயும் வா அப்பா, ஆனா நடுவுல நிறுத்தினா மானம் போயிடும்"னா. இருபத்தி மூணு வயசுல ஒரு பொண்ணு அப்பாவை மேடைக்குக் கூப்பிடுறதே பெரிய விஷயம். நான் நடுவுல பிரேக் அடிச்சு அவளைக் குப்புறத் தள்ளிடக்கூடாது.

கடைக்காரி: ம்... புரியுது.

மாஸ்டர்: அதனால தப்பை மறைக்கிற பெடல் ஏதாவது கொடுங்க. நல்லதா.

கடைக்காரி: இதைப் பாருங்க. டிஸ்டார்ஷன். மிதிச்சா சத்தம் கரகரன்னு வரும். தப்பு வெளிய தெரியாது.

மாஸ்டர்: அப்படியா! சரியா வாசிச்சா?

கடைக்காரி: அதுவும் தெரியாது.

மாஸ்டர்: வேண்டாம். மூணு மாசம் விரல் தேய்ஞ்சது எதுக்கு? அந்த நீலக் கலரு?

கடைக்காரி: டிலே. ஒரு தடவை வாசிச்சா அதையே நாலஞ்சு தடவை திருப்பிச் சொல்லும்.

மாஸ்டர்: தப்பையுமா?

கடைக்காரி: தப்பையும்தான்.

மாஸ்டர்: அதுக்கு வீட்ல ஏற்கனவே ஆள் இருக்காங்கம்மா. அடுத்தது.

கடைக்காரி: இது வாவா. இதைப் பாதத்தால முன்னாடி பின்னாடி ஆட்டணும்... சார், மெதுவா! முழுசா அமுக்காதீங்க!

மாஸ்டர்: ஐயோ, குழந்தை அழற மாதிரி கத்துது! ஆக்சிலேட்டர்ல இப்படியா சத்தம் வரும்? கிளட்ச் இல்லாம இதையெல்லாம் ஜனங்க கையில கொடுக்கலாமா? எடுங்க, எடுங்க.

கடைக்காரி: காலை எடுத்தாத்தானே நான் எடுக்க முடியும்.

மாஸ்டர்: ம். அந்தக் குட்டிப் பெட்டி?

கடைக்காரி: ட்யூனர். கம்பியைச் சரியா முறுக்கியிருக்கீங்களான்னு காட்டும். வேற சத்தம் வராது. முதல்ல அதை உங்க கிடார்ல மாட்டிப் பாத்திருக்கணும்... இதோ பாருங்க. ஆறு கம்பியில அஞ்சு தப்பு.

மாஸ்டர்: ஒண்ணாவது சரியா இருக்கே!

கடைக்காரி: கொடுங்க, நானே முறுக்கித் தர்றேன். நீங்க பழகிக் கொடுக்கிறப்ப இவ்வளவு பொறுமையா இருப்பீங்களா சார்?

மாஸ்டர்: இதைவிடப் பொறுமை. ஒரு பொண்ணு வந்துச்சும்மா, ஏழெட்டு வருஷம் இருக்கும். பேர்கூட மறந்துட்டேன். நாங்க ஹார்ன்னுதான் சொல்லுவோம். பயம் வந்தா பிரேக்கை மிதிக்காது, ஹார்னை அடிக்கும். நாயைப் பாத்தா ஹார்ன். குப்பைத்தொட்டியைப் பாத்தா ஹார்ன். ஒரு தடவை சுவர் முன்னாடி நின்னு ஒரு நிமிஷம் அடிச்சுச்சு, வழி விடுமாம்!

கடைக்காரி: ...அவ்வளவு மோசமா?

மாஸ்டர்: என் முடி கொட்டினதே அதனாலதான். ஆ... கம்பியை இவ்வளவு முறுக்கணுமா? அறுந்துடப் போகுது.

கடைக்காரி: அறாது. அவ பாஸ் பண்ணாளா?

மாஸ்டர்: முதல் தடவையே! டெஸ்டுக்கு முந்தின நாள் தட்டிக் கொடுத்தேன். "இன்னைக்கு என் காலே அசையலம்மா, முழுசா நீதான் ஓட்டினே"ன்னு சொல்லி அனுப்பினேன். மறுநாள் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போச்சு.

கடைக்காரி: நிஜமாவே கால் அசையலையா?

மாஸ்டர்: ஹஹா! அது தொழில் ரகசியம்மா. எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவேன். என் கால் பிரேக்லயேதான் குடியிருக்கும். ஆனா நானே ஓட்டினேன்னு ஒரு நம்பிக்கை வந்துட்டா போதும், ஓட்டிடுவாங்க.

கடைக்காரி: அந்த ஹார்ன் பொண்ணுகிட்டயும் பொய்தானா?

மாஸ்டர்: அது... அது வேற கதை, விடுங்க. நீங்க பெடலைப் பாருங்க.

கடைக்காரி: சொல்லுங்க சார், பொய்தானா?

மாஸ்டர்: என்னம்மா போலீஸ் மாதிரி... பழைய கதை எதுக்கு இப்ப?

கடைக்காரி: சரி. இருங்க. உள்ளே ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.

மாஸ்டர்: கோவமா போற மாதிரி இருக்கே... நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?

கடைக்காரி: இந்தாங்க. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு பெடல்.

மாஸ்டர்: பேரெல்லாம் அழிஞ்சு போயிருக்கே. என்ன செய்யும்?

கடைக்காரி: பிரேக்.

மாஸ்டர்: பாத்தீங்களா! இல்லவே இல்லன்னீங்க!

கடைக்காரி: தப்பு வந்தா மிதிங்க. சிவப்பு லைட் எரியும். தப்பை அது பாத்துக்கும். ஒண்ணே ஒண்ணு, கை நிக்கக்கூடாது. கை நின்னா பெடல் வேலை செய்யாது. இந்தப் பக்கம் கிடார் ஒயர், அந்தப் பக்கம் ஸ்பீக்கர். ம், ஆரம்பிங்க.

மாஸ்டர்: இங்கயா? வாசல்ல ஆள் போறாங்களே...

கடைக்காரி: போறவங்க போகட்டும். நேராப் பாருங்க. காலைப் பாக்காதீங்க.

மாஸ்டர்: இது நான் சொல்ற வசனமாச்சே... சரி... ஒண்ணு, ரெண்டு...

கடைக்காரி: நல்லாப் போகுது... போங்க... போங்க...

மாஸ்டர்: ஐயோ, தப்பு!

கடைக்காரி: மிதிங்க!

மாஸ்டர்: மிதிச்சேன்! லைட் எரியுது!

கடைக்காரி: கை! கை நிக்கக்கூடாது! போங்க!

மாஸ்டர்: போகுதும்மா! தானாப் போகுது! ஐயோ, மறுபடியும்...

கடைக்காரி: மிதிங்க! தோளை இறக்குங்க! மூச்சு விடுங்க!

மாஸ்டர்: விட்டேன்... இந்த இடத்தை நான் தாண்டினதே இல்ல... தாண்டிட்டேன்! இங்க மூணு கம்பி... மிதி... அப்புறம் இது... கடைசி...

கடைக்காரி: முடிங்க, நிதானமா...

மாஸ்டர்: முடிஞ்சுதும்மா! முழுசா! மூணு மாசத்துல முதல் தடவை! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, பாருங்க. நீங்க நல்லா இருக்கணும். என்ன ஒரு பெடல்! இதையே கட்டிக் கொடுங்க.

கடைக்காரி: விக்க மாட்டேன்.

மாஸ்டர்: ஏம்மா! என் காலைப் பாத்தாவது இரக்கப்படுங்க!

கடைக்காரி: உள்ளே ஒண்ணுமே இல்ல மாஸ்டர். ஜன்னல்ல அழகுக்கு வைக்கிற வெத்து டப்பா. ஒயர் இந்தப் பக்கம் வந்து நேரா அந்தப் பக்கம் போகுது, அவ்வளவுதான். லைட் மட்டும் எரியும்.

மாஸ்டர்: ...அப்ப என் தப்பெல்லாம்?

கடைக்காரி: எல்லாமே வெளிய கேட்டுச்சு. ஒம்பது தப்பு. ஆனா நிறுத்தாமப் போனதால பாட்டாத்தான் இருந்துச்சு. முழுசா நீங்கதான் வாசிச்சீங்க.

மாஸ்டர்: இது... இது என் தொழில் ரகசியமாச்சே. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?

கடைக்காரி: உங்ககிட்டதான். இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடி. நான்தான் மாஸ்டர், சுவருக்கு ஹார்ன் அடிச்சவ.

மாஸ்டர்: அடிப்பாவி! நீயா? முடியெல்லாம் வெட்டிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு... அடையாளமே தெரியலையே!

கடைக்காரி: எட்டு வருஷமா ஸ்பீக்கர் ஏத்துற வேனை நான்தான் ஓட்டுறேன். மலை ரோட்டுலகூட ஓட்டியிருக்கேன். பயம் வந்தா நீங்க சொன்னதை நினைச்சுக்குவேன், மாஸ்டர் காலே அசையலன்னு. அது பொய்யின்னு இன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க. அதான் ஆத்திரத்துல இந்த வெத்து டப்பாவைக் கொடுத்தேன், நடுக்கடையில நின்னு அசிங்கப்படட்டும்னு. நீங்க தடுமாறுறதைப் பாத்ததும் ஆத்திரம் போய், என்னையறியாம நானே "போங்க, போங்க"ன்னுட்டேன். நீங்க என்னடான்னா முழுசா வாசிச்சுட்டு அழறீங்க. இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க. டெஸ்டுக்கு முந்தின நாள் அந்த மேட்டுல, முன்னாடி போன லாரி நம்ம மேல உருண்டு வந்து, நம்ம வண்டி மயிரிழையில நின்னுச்சே, அப்ப நீங்க பிரேக்கை மிதிச்சீங்களா இல்லையா?

மாஸ்டர்: மிதிச்சேன்மா. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மிதிச்சேன். என் பெடல் லொடக்குன்னு தரையில போய் உக்காந்துச்சு, வண்டி நிக்கல. என் பக்கத்து பிரேக் கம்பி அறுந்து கிடந்துருக்கு, காலையில நான் அதைப் பாக்காம வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு எட்டு வருஷமா யார்கிட்டயும் வாயைத் திறக்கல. நானும் அன்னைக்கு வெத்து டப்பாவைத்தான் மிதிச்சுக்கிட்டு இருந்தேன். உன் பக்கத்து பிரேக்கை மிதிச்சு வண்டியை நிறுத்தினது நீதான்... ஹார்ன் அடிச்சுக்கிட்டே. சரி, அந்த டப்பாவைக் கட்டிக் கொடு. சனிக்கிழமைக்கு வேணும்.