எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய கார்

பிராங்பேர்ட் போகும் எஸ்-பான் ரயிலில் என் எதிர் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் தேங்காய்ப் பாதிகள் துருத்தும் பை. அவன் நெற்றியில் ஈரச் சந்தனம்.

“ரேஸ் காரை எலுமிச்சம்பழத்துக்கு மேலை ஏத்தேக்கை ட்ரெயிலரோடை பெல்ட் கட்டியிருந்ததோ?” என்றாள்.

“கட்டிக்கொண்டு எப்பிடி உருட்டுறது? கழட்டி, ட்ரெயிலராலை இறக்கித்தானே பூசை செய்தனாங்கள்.”

“திருப்பி ஏத்தினாப் பிறகு?”

“இழுத்துக்கொண்டு போறவன் உன்ரை தம்பி. அவன் கட்டியிருப்பான்.”

“ராகுகாலம் துவங்கப்போகுது எண்டு நீங்கள்தானே அவனைக் கலைச்சனீங்கள்.”

அவள் பைக்குள் கைவிட்டு, தேங்காய்களுக்கு அடியிலிருந்து செம்மஞ்சள் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நான்கு.

“மிதிபடும் எண்டு நான்தான் எடுத்து வைச்சனான். அடியுங்கோ ஃபோனை. பூட்டின ட்ரெயிலர், உள்ளை கார் கட்டாமல் நிக்கிறது பின்னாலை வாறவனுக்கும் தெரியாது.”

அவன் இரண்டு முறை அடித்தும் தம்பி எடுக்கவில்லை. என் நிலையம் வந்தது, நான் இறங்கவில்லை. மூன்றாம் முறை ஸ்பீக்கரில் தம்பியின் “ஹலோ” கேட்டது.

“தம்பி, ஓட்டோபான் ஹைவேயிலையோ நிக்கிறாய்? மெல்ல ஓரங்கட்டு. பிரேக்கை மட்டும் சடாரெண்டு...”

“அத்தான், முன்னுக்கு எல்லா வாகனமும் டக்கெண்டு நிக்குது. பிறகு எடுக்கிறன்.”