கேபிளைப் பிடித்த கை

நர்ஸம்மா: ஆட்டாதீங்க... ஆட்டாதீங்கன்னா கேளுங்க. ஒயர் பிஞ்சு கையோட வந்துடும்.

கண்டக்டர்: நான் எங்க ஆட்டறேன்? அதுவா ஆடுது. சார்ஜ் ஓட்டை லூசாயிடுச்சு. முந்தியெல்லாம் லேசா மேல தூக்கிப் பிடிச்சா சார்ஜ் ஏறும்ல?

நர்ஸம்மா: அது போன வாரம். இப்ப எப்படித் தூக்கினாலும் ஏறல. என் பொண்ணு மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்த டேப்லெட்டு. அவ உங்க பையனைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்துடுச்சு. வயசாகாதா?

கண்டக்டர்: வயசானா என்ன, வேலை செய்யக்கூடாதா? நானெல்லாம் செய்யல?

நர்ஸம்மா: நீங்களா? பஸ்ஸை விட்டு இறங்கி ரிட்டையர் ஆனதுலேர்ந்து எதைத் திறந்து மூடினாலும் திருகாணி ஒண்ணு மிச்சம்.

கண்டக்டர்: உங்க மிக்ஸி ஓடுதா இல்லையா?

நர்ஸம்மா: ஓடுது, ஓடுது. மேடையோட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுது.

கண்டக்டர்: சரி, வரிசையா வருவோம். மொதல்ல பிளக்ல கரண்ட் வருதான்னு பார்க்கணும். அந்த டேபிள் லைட்டைச் சொருகுங்க... எரியுதா?

நர்ஸம்மா: எரியுது.

கண்டக்டர்: அப்ப பிளக் மேல தப்பு இல்ல. அடுத்தது ஒயர். என் போன் ஒயரைக் குடுங்க.

நர்ஸம்மா: அது இதுக்குச் சேருமா?

கண்டக்டர்: ரெண்டுக்கும் ஒரே மூக்குதான்... ம்ஹூம். ஏறல. சார்ஜர் தலையை மாத்துங்க... ம்ஹூம். அதுவும் இல்ல. கோளாறு டேப்லெட்டுக்குள்ளதான்.

நர்ஸம்மா: விட்டுடுங்களேன். நாளைக்குக் கடையில குடுத்துக்கலாம். எனக்கு டேப்லெட்டுன்னா முழுங்கற டேப்லெட்டுதான் தெரியும். உங்களுக்கு அதுவும் தெரியாது.

கண்டக்டர்: இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் உங்க பொண்ணு வீடியோல வருவா.

நர்ஸம்மா: வந்தா வரட்டும். கிடைக்கலைன்னா அடுத்த வாரம் வருவா.

கண்டக்டர்: போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க.

நர்ஸம்மா: போன வாரம் எனக்குத் தலைவலி.

கண்டக்டர்: அதுக்கு முந்தின வாரம்?

நர்ஸம்மா: அவளுக்கு ஆபீஸ்ல வேலை. கேள்வி கேட்டே கொல்லாதீங்க சம்பந்தி.

கண்டக்டர்: இன்னும் என்ன சம்பந்தி?

நர்ஸம்மா: வாயில அதான் வருது. நீங்க மட்டும் என்னவாம்? காலையில பக்கத்து வீட்டம்மா முன்னாடி 'சம்பந்தியம்மா, என் சட்டை எங்க'ன்னு கேக்கல? அந்தம்மா விழுந்து விழுந்து சிரிக்குது.

கண்டக்டர்: நாக்குக்குப் பழக்கம். வேணும்னா ஒண்ணு செய்யலாம், என் போனை ஆன் பண்ணி அதுலேர்ந்தே கூப்பிடலாமே.

நர்ஸம்மா: ஐயோ, அதைத் தொடாதீங்க. ஆன் பண்ணின உடனே மாப்பிள்ளை கூப்பிடுவார். 'எங்க இருக்கீங்கப்பா'ன்னு கேட்டா உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

கண்டக்டர்: வராதுதான். சர்வீஸ் பூரா சில்லறை இல்லைன்னு ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கேன்.

நர்ஸம்மா: அதனாலதான் நேத்திலேர்ந்து ஆஃப்ல கிடக்கு. சொல்றதுன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணா, மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்னு பேசினோமா இல்லையா?

கண்டக்டர்: பேசினோம். அதுக்கு டேப்லெட்டுக்கு உயிர் வரணும்ல. பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க. விடாம. பேட்டரி அடியோட காலியாயிருந்தா இப்படித்தான் தட்டி எழுப்பணும்... மூச்சு இருக்கா?

நர்ஸம்மா: கருப்பாவே இருக்கு. நான் எத்தனையோ பேருக்கு நாடி பார்த்தவ. இது போயிடுச்சு.

கண்டக்டர்: டாக்டர் வராம நீங்களா எப்படிச் சொல்லலாம்? பின்பக்கம் தடவிப் பாருங்க. உப்பியிருக்கா? பேட்டரி உப்பியிருந்தா நாம தொடவே கூடாது.

நர்ஸம்மா: உப்பல. தட்டையாத்தான் இருக்கு.

கண்டக்டர்: சூடு?

நர்ஸம்மா: காய்ச்சலும் இல்ல.

கண்டக்டர்: அப்ப சார்ஜ் ஓட்டையிலதான் அழுக்கு அடைச்சிருக்கும். டார்ச் எடுங்க. பல் குத்தற குச்சி எங்க?

நர்ஸம்மா: ஓட்டையெல்லாம் நான் பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு.

கண்டக்டர்: எப்ப பார்த்தீங்க?

நர்ஸம்மா: ...அப்பவே.

கண்டக்டர்: கண்ணாடி போடாமயா?

நர்ஸம்மா: டீ போடட்டுமா?

கண்டக்டர்: இப்பதானே குடிச்சோம். குச்சி எங்கன்னு கேட்டேன்.

நர்ஸம்மா: தெரியல.

கண்டக்டர்: நர்ஸம்மா வீட்ல குச்சி எங்க, கத்தரி எங்கன்னு நர்ஸம்மாவுக்கே தெரியாதா? இருங்க... இதோ, அலமாரியிலயே இருக்கு.

நர்ஸம்மா: அதுக்குள்ள என் டப்பா எல்லாம் மனப்பாடமாயிடுச்சு உங்களுக்கு.

கண்டக்டர்: டார்ச்சைப் பிடிங்க... இந்தப் பக்கம்... வெளிச்சம் ஏன் சுவத்துக்குப் போகுது? ஊரு பூரா ஊசி போட்ட கையாச்சே.

நர்ஸம்மா: ஊசி போடும்போது எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. நீங்க என்னையே பார்க்கறீங்க.

கண்டக்டர்: நான் ஓட்டையைத்தான் பார்க்கறேன். உள்ள ஏதோ வெள்ளையா... இருங்க, இருங்க... வருது... வந்துடுச்சு!

நர்ஸம்மா: தூசியா இருக்கும்.

கண்டக்டர்: தூசி கருப்பா இருக்கும்.

நர்ஸம்மா: வெள்ளைத் தூசி.

கண்டக்டர்: பஞ்சுங்க இது. அதுவும் சும்மா போய் ஒட்டிக்கிட்ட பஞ்சு இல்ல. உருட்டி, திரிச்சு, அளவாத் திணிச்சிருக்கு. வேலை தெரிஞ்ச ஆளு.

நர்ஸம்மா: டார்ச்சை அணைச்சிடட்டுமா?

கண்டக்டர்: நர்ஸம்மா...

நர்ஸம்மா: ஆமா. நான்தான்.

கண்டக்டர்: எப்போ?

நர்ஸம்மா: முந்தாநேத்து. நீங்க குளிக்கப் போயிருந்தப்போ. சார்ஜ் நிக்காத பேட்டரி, தானா செத்துடும்னு தெரியும்.

கண்டக்டர்: அப்ப இத்தனை நேரம் நான் லைட்டைச் சொருகி, ஒயரை மாத்தி, தலையை மாத்தி...

நர்ஸம்மா: பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு.

கண்டக்டர்: சிரிக்கறீங்க!

நர்ஸம்மா: சிரிக்கலைன்னா அழுதுடுவேன். எனக்குப் பயம்ங்க. என் பொண்ணு அழுதா தாங்கிக்குவேன். கத்தினா திரும்பக் கத்துவேன். ஆனா என்னைப் பார்த்து வெக்கப்பட்டா? 'எங்கம்மாவா இப்படி'ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா? அதை இவ்வளவு கிட்டத்துல பார்க்கணுமே.

கண்டக்டர்: என் பையன் மட்டும் என்ன? வாயே திறக்க மாட்டான். 'ம்'னு ஒண்ணு சொல்வான். அந்த 'ம்'முக்கு அர்த்தம் கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு நாலு ராத்திரி தூக்கம் போயிடும்.

நர்ஸம்மா: அப்ப உங்களுக்கும் பயம்தான்?

கண்டக்டர்: பின்ன? ...ஒண்ணு கேக்கட்டுமா? பஞ்சைத் திரும்ப வெச்சிடவா?

நர்ஸம்மா: என்னது?

கண்டக்டர்: நிஜமாத்தான் சொல்றேன். இருந்த மாதிரியே வெச்சிடறேன். ரிப்பேர்னு சொல்லிக்கலாம். உங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்ப எடுத்துக்கலாம். படியில ஒரு கால் இருக்கும்போது நான் விசில் ஊதினதே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.

நர்ஸம்மா: குடுங்க அதை. குப்பையில போடறேன். நீங்க ஒயரைச் சொருகுங்க.

கண்டக்டர்: சொருகியாச்சு. ஏறலையே...

நர்ஸம்மா: கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இன்னும்... அங்கதான்! பேட்டரி படம் வந்துடுச்சு!

கண்டக்டர்: விட்டா போயிடுது பாருங்க. லூஸ் ஓட்டைங்கற பழைய வியாதி அப்படியேதான் இருக்கு. அதைக் கடையிலதான் மாத்தணும்.

நர்ஸம்மா: அதுவரைக்கும் நீங்க பிடிச்சுக்கிட்டே இருங்க.

கண்டக்டர்: எவ்வளவு நேரம்?

நர்ஸம்மா: பேசி முடிக்கிற வரைக்கும். ஆனா கேமராவுல விழுந்துடாதீங்க. நான் பதமா ஆரம்பிச்சு, சொல்லி முடிச்சப்புறம் எட்டிப் பாருங்க.

கண்டக்டர்: கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும். அதுக்குள்ள ஒரு ஒத்திகை பார்த்துடுவோம். நான்தான் உங்க பொண்ணு. 'அம்மா... நல்லா இருக்கியாம்மா?'

நர்ஸம்மா: என் பொண்ணு குரல் இப்படியா இருக்கும்? பஸ் பிரேக் போடற மாதிரி.

கண்டக்டர்: 'நல்லா இருக்கியாம்மா'ன்னு கேட்டேன்.

நர்ஸம்மா: நல்லா இருக்கேன்டி. நான் உன்கிட்ட ஒண்ணு... அப்புறம்... சாப்பிட்டியா?

கண்டக்டர்: 'சாப்பிட்டேன். சொல்லும்மா.'

நர்ஸம்மா: என்ன சாப்பிட்ட?

கண்டக்டர்: இப்படியே போனா ராத்திரி சாப்பாடும் கேட்டு முடிச்சுடுவீங்க.

நர்ஸம்மா: வரலைங்க... அட, ஆன் ஆயிடுச்சு! என்ன இது, விடாம டிங் டிங்னு அடிக்குது? எல்லாம் என் பொண்ணு. மிஸ்டு கால், மிஸ்டு கால்... காலையிலேர்ந்து கூப்பிட்டிருக்கா. என்ன ஆச்சோ... இதோ, மறுபடி கூப்பிடறா!

கண்டக்டர்: எடுங்க, எடுங்க. நான் ஓரமா நிக்கறேன்.

மகள்: அம்மா! அப்பாடா... எடுத்தியா! நீ நல்லா இருக்கேல்ல?

நர்ஸம்மா: நல்லா இருக்கேன்டி. டேப்லெட்டு சார்ஜ் ஏறல. என்ன, ரோட்ல நிக்கறியா? ஏன் இப்படி மூச்சு வாங்குது?

மகள்: பதறாம கேளு. மாமாவைக் காணோம்மா.

நர்ஸம்மா: எந்த மாமாவை?

மகள்: என் மாமனாரைம்மா! நேத்திலேர்ந்து போன் ஆஃப். மனசு கேக்காம நாங்க கிளம்பியே வந்துட்டோம். அவர் வீட்டு வாசல்லதான் நிக்கறேன். உள்ள யாரோ ஒரு டெய்லர் குடும்பம் குடியிருக்கு. 'பெரியவர் காலி பண்ணிட்டுப் போயிட்டார், எங்கன்னு தெரியாது'ங்கறாங்க. நீயும் எடுக்கல. இவர் வண்டியை எடுத்துக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டார்.

நர்ஸம்மா: போலீஸா!

மகள்: அம்மா, படம் ஆடுது... இரு. அது யார் கை?

நர்ஸம்மா: எது?

மகள்: ஓரத்துல, ஒயரைப் பிடிச்சுக்கிட்டு.

நர்ஸம்மா: அது... ரிப்பேர்காரர்டி.

மகள்: அந்த வாட்ச் நாங்க வாங்கிக் குடுத்ததாச்சே... மாமா? மாமாவா அது?

கண்டக்டர்: ...ரிப்பேர்காரர்தான்மா.

மகள்: ஐயோ மாமா! உசிரே போயிடுச்சு எங்களுக்கு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா விசாரிச்சாச்சு. இருங்க, மொதல்ல இவருக்கு மெசேஜ் போட்டுடறேன்... 'அப்பா கிடைச்சுட்டார், அம்மா வீட்ல.' போட்டாச்சு.

கண்டக்டர்: பையன் என்ன சொல்றான்?

மகள்: 'ம்'னு போட்டிருக்கார். பக்கத்துல ஒரு அழற பொம்மை.

நர்ஸம்மா: நீயும் அழாதடி. கண்ணைத் துடை.

மகள்: அழல. மாமா, ஏன் வீட்டைக் காலி பண்ணீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இங்க என்ன பண்றீங்க?

கண்டக்டர்: அது வந்தும்மா... இந்த டேப்லெட்டு ரிப்பேருக்கு...

மகள்: ரிப்பேருக்கு வர்றவங்க குடியிருக்கற வீட்டைக் காலி பண்ணிட்டா வருவாங்க? எனக்குத் தெரியும் மாமா. தனியா இருக்க முடியல, அதானே? அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், திட்டாத. ரொம்ப நாளாக் கேக்கணும்னு ரெண்டு பேரும் தவிச்சுக்கிட்டு இருக்கோம். உன்கிட்ட கேக்கத்தான் பயம்.

நர்ஸம்மா: என்கிட்டயா? பயமா?

மகள்: நீ மூஞ்சியைத் திருப்பிக்குவியோன்னு. பாரும்மா... அத்தை போனதுலேர்ந்து மாமா தனியாத்தான் கிடக்கார். அப்பா போனதுலேர்ந்து நீயும் தனியா. எங்க வீட்டுக்குக் கூப்பிட்டா ரெண்டு பேருமே வரமாட்டேங்கறீங்க. உன் மாடி ரூம் சும்மாத்தானே இருக்கு... மாமாவுக்குக் குடுக்கறியா? நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க, பேசட்டும். எங்களுக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல. அம்மா? ஏன் பேச மாட்டேங்கற? தப்பாக் கேட்டுட்டேனா?

கண்டக்டர்: நர்ஸம்மா... கை மரத்துப் போச்சு. சீக்கிரம்.

நர்ஸம்மா: விட்டுடாதீங்க, கெட்டியாப் பிடிங்க... மாடி ரூம் மாடியிலயே இருக்கட்டும்டி. இவர் கீழேயே, என்கூடவே இருக்கார். போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நடுரோட்ல நிக்காத... மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா.