ஐயாயிரத்து ஆறு பேர்

— ஆறு மாசமா தண்ணி மீட்டர் ஒரு புள்ளிகூட நகரல. அந்த வீட்டுல அஞ்சு பேர் இருக்காங்கன்னு ஊராட்சிப் பட்டியல்ல எழுதியிருக்கீங்க. எப்படி, செயலர் சார்?

— வெளியூர் போயிருக்காங்க மேடம். வந்துருவாங்க.

— ஆலை மூடினதும் போனவங்க. வரமாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். அடிச்சுடறேன்.

— அடிங்க. அப்படியே அந்த இழுப்பறையையும் திறந்து பாருங்க. அத்தனையும் சாவி. போறவங்க எல்லாரும் "அண்ணே, வீட்டை ஒரு கண்ணு பாத்துக்கங்க"ன்னு என் கையிலதான் குடுத்துட்டுப் போனாங்க.

— வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வளர்ச்சித் திட்டம் போடணும், தொழில்நுட்ப உதவி அனுப்புங்கன்னு அரசாங்கத்துக்கு எழுதினது நீங்கதானே? அதுக்குத்தான் வந்திருக்கேன்.

— உதவி கேட்டோம் மேடம். பொணத்துக்கு நாடி பாக்க ஆள் கேக்கல.

— கோவப்படாதீங்க. முறைப்படி, ஐயாயிரம் பேருக்குக் குறைஞ்சா இந்த ஊரு வளர்ச்சி மையம் ஆகாது. பிரசவ வார்டைப் பெரிய ஊருக்கு மாத்திடுவாங்க. இப்போ கணக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு.

— நாலு பேரா? நாலே நாலு பேருக்கா வார்டை மூடுவீங்க?

— விதியை நான் எழுதல சார்.

— ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கூரை மாத்தறோம்னு அந்த வார்டைப் பூட்டினாங்க. என் தங்கச்சியை வேன்ல ஏத்தி ரெண்டரை மணி நேரம் ஓட்டினோம். பாதி வழியில பிள்ளை பொறந்துச்சு. அழவே இல்ல. இப்ப மறுபடியும் அவளுக்கு எட்டாம் மாசம்.

— …பட்டியலை இப்படித் திருப்புங்க. முறைப்படி இன்னொரு தடவை பாப்போம்.

— ஒரு நிமிஷம் மேடம். தையல்காரர் வீட்டை ஏன் அடிச்சீங்க?

— மீட்டர் பூஜ்ஜியம்.

— அந்த மனுஷன் குளிச்சாத்தானே மேடம் மீட்டர் ஓடும்!

— சார்…

— அவரும் சம்சாரமும் கடையிலயே தங்கிக்கறாங்க. மிஷின் சத்தம் கேக்குதா, பாருங்க, எதிர்க் கடையில?

— கேக்குது. சரி, ரெண்டு.

— கணக்கு வாத்தியார் வீடு. கொல்லையில கிணறு இருக்கு, குழாயைத் தொடறதே இல்ல. அண்ணன் தம்பி, பிள்ளைங்கன்னு எட்டுப் பேர்.

— கிணறு இருக்கறதுக்கு என்ன அத்தாட்சி?

— வாங்க மேடம், தள்ளியே விடறேன்.

— சிரிக்க வெக்காதீங்க. எட்டு. ஆக மொத்தம்… ஐயாயிரத்து ஆறு.

— ஆறு கூடுதலா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம்.

— நல்லாப் பாத்தாச்சு. வார்டு இங்கேயே இருக்கும். உங்க தங்கச்சி வேன்ல போக வேண்டாம்.

— அவ பிள்ளை பொழைச்சுது மேடம்.

— அப்போ இந்த உறுதிமொழியில கையெழுத்துப் போடுங்க. "மேற்கண்ட அனைவரும் அடுத்த ஓராண்டு காலம் இவ்வூரிலேயே நிலையாக வசிப்பர் எனப் பொறுப்பேற்றுச் சான்றளிக்கிறேன்."

— ஓராண்டு காலமா?

— ஆமா. முறைப்படி அப்படித்தான். இந்தாங்க பேனா. ஏன் பக்கத்தைத் திருப்பறீங்க?

— முதல் பக்கத்துல என் வீடு இருக்கா மேடம்?

— இருக்கு. ஏழு பேர்.

— நாங்களும் ஊரை விட்டுப் போறோம் மேடம். வீட்டைக் காலி பண்ண நாளைக்குக் காலையில லாரி வருது. அடுத்த தெருவுல இருக்கற தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல.