ஒரு பாக்கெட், மூன்று பங்கு

— இல்லம்மா, பாக்கெட் கிழியலை. பூஞ்சை பிடிக்கலை. தேதியும் தாண்டலை. நீ கேட்ட மூணுக்கும் பதில் சொல்லிட்டேன். என் கேள்விக்கு நீ இன்னும் வரவே இல்லையே பொண்ணே.

— சொல்லுங்க மேடம். எங்க டயட் பிஸ்கட் பத்தி உங்க புகார் என்ன?

— மேடமெல்லாம் வேண்டாம். நான் துணி தைக்கிறவ. புகாரும் இல்லை, சந்தேகம்தான். முன்பக்கம் ‘சர்க்கரை நாலு கிராம் மட்டும்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. அதை நம்பி மூணு மாசமா காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சாப்பிடுறேன். ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. டாக்டர் கண்புரை ஆபரேஷனை ரெண்டு தடவை தள்ளி வச்சுட்டார். சர்க்கரை இறங்கினாத்தான் கண்ணைத் தொடுவாராம்.

— ஒண்ணுன்னா, ஒரு பிஸ்கட்டா அக்கா?

— ஒரு பாக்கெட்.

— முழுப் பாக்கெட்டா!

— ஆமா, வேளைக்கு ஒண்ணு.

— பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கிறதைப் படிச்சீங்களா?

— நல்லா கேட்ட போ! கண்ணுல புரைன்னு சொல்றேன், பொடி எழுத்தைப் படிச்சியான்னா? ஊசியில நூல் கோக்கவே எதிர்க் கடைக்காரரைக் கூப்பிடுறேன். அவரும் இப்பல்லாம் நான் வர்றதைப் பார்த்தா போனைக் காதுல வச்சுக்கிறார்.

— மன்னிச்சுக்கோங்க. எங்கள் தயாரிப்பு, சமச்சீரான உணவின் ஒரு பகுதியாக…

— பாரு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற. குரலே மாறிப் போச்சு.

— படிச்சே ஆகணும் அக்கா. பேசுறதெல்லாம் பதிவாகுது.

— ஆகட்டுமே. எனக்குக் கண்ணு போனா கஞ்சிக்கு வழியில்லை, அதையும் சேர்த்துப் பதிவு பண்ணிக்கோ. இந்த பிஸ்கட்டை நான் சாப்பிடலாமா, கூடாதா?

— அந்த நாலு கிராம், ஒரு பங்குக்கு.

— பங்குன்னா?

— மூணு பிஸ்கட்.

— பாக்கெட்ல ஒன்பது இருக்கே!

— ஆமா.

— அப்ப பன்னெண்டு. ரெண்டு வேளைக்கு இருபத்து நாலு. அடேயப்பா! ஒரு கைக்கு ஆகுற துணியைச் சொல்லி முழுச் சட்டையும் இதுலயே முடிஞ்சிடும்னு நான் சொன்னா, கடையை அடிச்சு நொறுக்கிட மாட்டாங்க?

— முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் இருக்குல்ல, உள்ளே முக்கால்வாசி மைதாதான். அதுவும் ரத்தத்துல சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். மூணு பேர் பிரிச்சுச் சாப்பிடுவாங்கன்னு கம்பெனி கணக்கு.

— மூணு பேருக்கு நான் எங்க போவேன்? தையல் மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் பக்கத்துல உட்கார வச்சாத்தான் உண்டு.

— சிரிக்க வைக்காதீங்க, சூப்பர்வைசர் பார்க்கிறார். வீட்டுல சமைக்கிறதே இல்லையா?

— தங்கச்சி இருந்தவரைக்கும் சமைச்சோம். அவ செத்து ஒரு வருஷமாச்சு. ஒருத்திக்காக அடுப்பைப் பத்த வச்சு, ஒருத்திக்காகப் பாத்திரம் கழுவி… பாக்கெட்டுன்னா பிரிச்சமா, தின்னமான்னு போயிடுது.

— நான் சொல்றதைக் கேளுங்க. நாளையிலேருந்து இது வேண்டாம். கொண்டைக்கடலை ஊற வச்சு அவிச்சுக்கோங்க. கூட நாலு காய். நடுவுல பசிச்சா ஒரு கொய்யாக்கா. எங்கம்மாவுக்கும் சர்க்கரைதான், இப்படித்தான் சமாளிக்கிறோம்.

— இதுவும் பதிவாகுதா?

— ஆகுது.

— உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?

— தெரியலை. அவர் எழுந்து வர்றார், சீக்கிரம் சொல்லிடுறேன். அந்தப் பாக்கெட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. எப்படிச் சாப்பிட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. சர்க்கரை இறங்கினதும் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துடுவார்.

— குடுத்துடுவாரா?

— குடுக்காம? என்னக்கா, சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா குரல் இறங்குது.

— ரெண்டு தடவை தள்ளிப் போனப்பவும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு பொண்ணே.

— நிம்மதியா? ஏன்?

— ஆபரேஷன் அன்னைக்குத் துணைக்கு ஒரு ஆள் இருந்தாத்தான் உள்ளே விடுவாங்களாம். ஆஸ்பத்திரிச் சீட்டுல அந்த ஆளோட பேர் எழுத ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. நீ எந்த ஊரோ, என்னவோ… உனக்கு வாரத்துல என்னைக்கு லீவு?